மூத்தவள் பெயர்

"கிரகணத்தன்னைக்கு நீ மொட்டை மாடிக்குப் போனியா, இல்லியா? அதை மட்டும் சொல்லுட்டி."

தண்டையார்பேட்டை ஸ்கேன் சென்டரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கி, மாடிப்படி ஏறி, ராமசெல்வி இன்னும் உட்காரக்கூட இல்லை. ஸ்கேனுக்காக வயிற்றில் தடவிய பசை, துடைத்தது போக மிச்சம், சேலைக்குள்ளே காய்ந்து தோலை இழுத்தது. மூச்சு வாங்கியது. அவளுடைய மாமியார் செல்லக்கனி கூடத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றாள். "பிள்ளைக்குத் தலை சரியா வளரலையாம்மா" என்று வாசலிலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டு, புருஷன் சிவந்தி ஸ்கேன் கவரை பீரோவுக்கு மேலே செருகப் போயிருந்தான்.

"போனேன் அத்தை. வத்தல் காஞ்சுக்கிட்டு கெடந்துச்சு. நீங்கதான் எடுத்துட்டு வரச் சொன்னிய."

"வத்தலை எடுக்கச் சொன்னேன். வானத்தை அண்ணாந்து பாக்கவா சொன்னேன்?"

"அன்னைக்கு எனக்கே தெரியாதே, உண்டாயிருக்கேன்னு."

"ஒனக்குத் தெரியாட்டா? கிரகணத்துக்குத் தெரியாதா?"

ராமசெல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். கீழே கடையிலிருந்து பையன்கள் மூட்டை இறக்கும் சத்தம் வந்தது. சிவந்தி அம்மாவையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. "சரக்கு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

ராமசெல்வி உடன்குடிப் பக்கத்துப் பெண். செல்லக்கனி அவளுக்கு வெறும் மாமியார் இல்லை. அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. கல்யாணமாகி மெட்ராசுக்கு வந்து, இளவயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, திருவொற்றியூர்த் தேரடிப் பக்கம் அவன் விட்டுப்போன சின்ன பலசரக்குக் கடையை மொத்த வியாபாரமாக வளர்த்தவள். ஊரில் தம்பி செத்ததும், "எந் தம்பி மவளை வேத்து வீட்டுல கொண்டு விடுவனா?" என்று அவளே தன் மகனுக்குக் கேட்டு முடித்தாள். ஊரே மெச்சியது. சொத்து வெளியே போகாது, சொந்தம் விட்டுப்போகாது, பெண்ணுக்கும் பழகின வீடு. ராமசெல்வியைத் தவிர எல்லோருக்கும் அதில் ஏதோ ஒரு நிம்மதி இருந்தது. அவளுக்கும் மறுப்பு ஒன்றும் இல்லை. அத்தானைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சாது, அம்மா பேச்சைத் தட்டாதவன். அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளையைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அந்த வயதில் யாரும் யோசிப்பதில்லை.

கர்ப்பம் என்று தெரிந்ததும் பக்கத்துத் தெருப் பெண்கள் மாதாமாதம் டாக்டரிடம் போவதைப் பார்த்து அவளும் கேட்டாள். "நம்ம குடும்பத்துல வளைகாப்பு போடுற வரைக்கும் வயித்தை வெளியாளுக்குக் காட்டமாட்டோம்ளா. ஆறு பெத்தேன். எந்த டாக்டரு என் வயித்தைப் பாத்தான்?" என்றாள் அத்தை. ஆறில் நிலைத்தது சிவந்தியும் அவன் தங்கை இசக்கியும் மட்டும்தான் என்பதை அவள் சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் ராமசெல்வி புருஷனிடம் கேட்டாள். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோயேன்" என்றான்.

ஆறாம் மாதம் வயிறு திடீரென்று பெருத்தது. படுத்தால் மூச்சு முட்டியது. தெருவே சந்தோஷப்பட்டது. "ரெட்டைப் புள்ளை, சத்தியமா ரெட்டைப் புள்ளை" என்று பூக்காரி உதிரிப்பூ இரண்டு கை கூட அள்ளிப் போட்டாள். அத்தை பெருமையில் மிதந்தாள். கடைசியில் ராமசெல்விக்கு உட்காரவும் முடியாமல், படுக்கவும் முடியாமல் போனபோதுதான் சிவந்தி அவளை டாக்டரிடம் கூட்டிப்போனான்.

டாக்டரம்மா ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிவந்தியையும் உள்ளே கூப்பிட்டாள்.

"குழந்தைக்கு நெத்திக்கு மேல மண்டை ஓடு உருவாகலம்மா. மூளையும் வளரல. அதனாலதான் தண்ணி அதிகமாகி வயிறு இவ்வளவு பெருசா இருக்கு. பிறந்தா சில நிமிஷம், சில மணி நேரம். அதுக்கு மேல இருக்காது."

"ஆபரேஷன் ஏதாவது..." என்றான் சிவந்தி.

"இதுக்கு எதுவும் கிடையாதுப்பா."

"அப்ப இப்பவே எடுத்துட முடியாதா டாக்டர்?"

"இப்ப இருக்கிற சட்டப்படி இருபது வாரம் வரைக்கும்தான். நீங்க ஏழாவது மாசத்துல வந்திருக்கீங்க. வலி வர்ற வரைக்கும் காத்திருக்கணும்."

ராமசெல்வி படுத்தபடியே கேட்டாள். "முன்னாலயே வந்திருந்தா?"

டாக்டரம்மா துணியை எடுத்து அவள் வயிற்றைத் துடைத்துவிட்டாள். "நாலாவது மாசத்திலேயே தெரிஞ்சிருக்கும்மா" என்றாள். பிறகு, "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டாள்.

"அத்தை மகன்."

"உங்க அம்மா, பாட்டி காலத்துலயும் அப்படித்தானா?"

"எல்லாருமே அப்படித்தான்."

"அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். வெளியில கட்டினவங்களுக்கும் இது வருது. ஆனா தலைமுறை தலைமுறையா சொந்தத்துக்குள்ளேயே கட்டும்போது வாய்ப்பு கூடுது. அடுத்த தடவை உண்டாகறதுக்கு முன்னாடியே ஃபோலிக் ஆசிட் மாத்திரை சாப்பிடணும். மூணாவது மாசமே வந்துடணும். புரியுதா? நீ செஞ்ச தப்பு எதுவும் இதுல இல்ல."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் ராமசெல்வி ஆட்டோவில் வரும் வழியெல்லாம் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து நின்ற மறுநிமிடம் கிரகணம் அதைப் பிடுங்கிக்கொண்டது.

சாயந்தரம் சிவந்தி மெதுவாகக் கேட்டான். "வளைகாப்பை நிறுத்திருவமா?"

"நிறுத்துனா? ஊருலேர்ந்து அவ ஆத்தாளும் தம்பியும் டிக்கெட் எடுத்தாச்சு. அன்னைக்கே இசக்கிக்குப் பூ வைக்கதா பேசியாச்சு. என்ன ஏதுன்னு நாலு பேரு கேப்பான். கொறைப்பிள்ளை பெத்த வீடுன்னு பேரு வந்தா, எம் பொண்ணை எவன் கட்டுவான்?"

இசக்கியம்மாள் செல்லக்கனியின் கடைசிப் பெண். தையல் வகுப்புக்குப் போய்வருகிறவள். அவளை ராமசெல்வியின் தம்பி சுயம்புவுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. ஒரு பெண்ணை எடுத்த வீட்டுக்கு ஒரு பெண்ணைக் கொடுப்பது. அதுவும் ஊர் மெச்சும் ஏற்பாடுதான்.

"உங்க அம்மைக்கும் சொல்லக்கூடாது, இசக்கிக்கும் சொல்லக்கூடாது. எந் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்று அத்தை குனிந்தாள். நரை ஓடிய அந்தத் தலையில் ராமசெல்வி கை வைத்தாள்.

வளைகாப்பு நன்றாகவே நடந்தது. அத்தை தாலி இழந்தவள் என்பதால் கூடத்துக்குள் வரவில்லை. அறை வாசலில் நிலையைப் பிடித்து நின்றே எல்லாவற்றையும் நடத்தினாள். மனைப்பலகையில் ராமசெல்வியை உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, பெண்கள் ஒவ்வொருவராக வந்து கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். "ரெட்டையா இருந்தா எனக்கு ஒண்ணைத் தந்துரு" என்று ஒருத்தி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ராமசெல்வியும் சிரித்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது. வளையல் சத்தத்துக்குத்தான் உதைக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அம்மா அவள் காதருகே குனிந்தாள். "எங்கூட ஊருக்கு வந்துரு ராசாத்தி. தலைப்பிரசவம் நம்ம வீட்டுலதானே பாக்கணும்."

வாசல் நிலையிலிருந்து பதில் வந்தது. "பெரிய டாக்டரு இங்கதான் இருக்காவ. அங்க கொண்டுபோயி எந்த ஆசுபத்திரியில காட்டுவ?"

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அவள் மகளைப் பார்த்தாள், மகள் ஏதாவது சொல்வாள் என்று. ராமசெல்விக்கு வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து சுயம்பு பக்கத்து அறையில் ஏதோ சொல்ல, இசக்கி தலையில் புதிதாக வைத்த பூவோடு வெட்கப்பட்டுச் சிரித்தாள். "இங்கயே இருக்கேம்மா" என்றாள் ராமசெல்வி. அம்மா மறுநாள் ரயிலுக்குக் கிளம்பும்போது அவளிடம் சரியாக முகங்கொடுத்துப் பேசவில்லை. மகளுக்குப் பட்டணத்துப் பகட்டு வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

பிறகு காத்திருப்புதான். அது எப்படிப்பட்ட காத்திருப்பு என்று யாரிடமும் சொல்ல முடியாது. தூங்கி எழுந்தால் வயிறு; குளித்தால் வயிறு; தெருவில் இறங்கினால், "எப்போ நாள் குடுத்திருக்காங்க?" மணலிக்குப் போகும் டேங்கர் லாரிகள் நெடுஞ்சாலையில் ஹாரன் அடித்தால் உள்ளே பிள்ளை துள்ளும். மூளை வளராத பிள்ளைக்கு எப்படிக் கேட்கும், எப்படித் துள்ளும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும். சில நாள் அதோடு கம்பெனிப் புகையின் காரமும் வரும். மதியம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு அவள் அந்த ஜன்னலருகே உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்தபடி, உதைக்கும் இடத்தைத் தடவிக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் அவளோடு பேசுகிற உயிர் அது ஒன்றுதான்.

சிவந்தி படுக்கையைக் கீழே கிடங்குக்கு மாற்றிக்கொண்டான். மூட்டைக்குக் காவல் என்று காரணம் சொன்னான். ஒரு நாள் சாப்பிட வந்தவனிடம், "அத்தான், ஒரே ஒரு தடவை கை வச்சுப் பாருங்க" என்றாள். அவன் கையை நீட்டினான். வயிற்றைத் தொடுவதற்கு முன்பே இழுத்துக்கொண்டான். சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனான்.

பங்குனி மாதம், நாள் நிறைவதற்கு வெகுமுன்பே, ஒரு மதியம் அடுப்படியில் பனிக்குடம் உடைந்தது. அவர்கள் வழக்கமாகப் போகும் நர்சிங்ஹோம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் அங்கே சொந்தக்காரர்கள் நடமாட்டம் உண்டு. "சர்க்கார் ஆசுபத்திரிக்கே போவோம். அங்க நம்ம ஆளுங்க வரமாட்டாவ" என்றாள் அத்தை. கல்லாவில் உட்கார்ந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறவள், அன்று அந்த வாசலைத் தேடிப் போனாள்.

வெயில் தாழ்வதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். அழவில்லை; ஆனால் மூச்சு இருந்தது.

அறைக்கு வெளியே நர்ஸ் கேட்டாள். "கொஞ்ச நேரம்தாம்மா இருக்கும். தாய்கிட்ட குடுக்கட்டுமா?"

"வேண்டாம். அவ பாக்கக்கூடாது. பாத்தா அடுத்தது நிக்காது" என்றாள் அத்தை.

ராமசெல்வியை வார்டுக்கு மாற்றினார்கள். பிள்ளையைத் துணியில் சுற்றி, வார்டு மூலையில் மேசைமேல் வைத்திருந்தார்கள். அங்கிருந்து அவ்வப்போது ஒரு சின்ன சத்தம், விக்கல்போல. ராமசெல்வி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த படுக்கையில் வியாசர்பாடிப் பெண் ஒருத்தி. கார்குழலி என்று பெயர். காலையில்தான் ஆண்பிள்ளை பெற்று மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, சொவுத்த பாத்து அய்துகினு கீற? அங்க மூலைல கீதே, அது உம் புள்ளதானே? ஏன் உங்கைல குடுக்கல?"

"அது... பொழைக்காதாம்."

"பொழைக்காட்டி இன்னா? அதுவரிக்கும் அது யாரு புள்ள?"

ராமசெல்வி திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு கேள்வியை இத்தனை மாதத்தில் யாரும் கேட்டதில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"சிஸ்டர்!" கார்குழலி வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "இந்தக்கா புள்ளய கேக்குது!"

நர்ஸ் வந்து ராமசெல்வியைப் பார்த்தாள். "கேக்கிறியாம்மா?"

"ஆமா. கேக்கேன்" என்றாள் ராமசெல்வி.

துணியை விலக்கிய நர்ஸ் கொஞ்சம் தயங்கினாள். நெற்றி இருக்க வேண்டிய இடத்தோடு பிள்ளையின் தலை நின்றுபோயிருந்தது. கார்குழலி அதைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு கணம் கலங்கியது. பிறகு தலையணைக்கு அடியில் கைவிட்டு, கம்பளிநூல் குல்லா ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இந்தாக்கா, இத்த போட்டு வுடு. குளுரும். எம் புள்ளைக்கு வேற கீது."

நர்ஸ் குல்லாவைப் புருவம் வரைக்கும் இறக்கிவிட்டாள். இப்போது அது எல்லாப் பிள்ளையையும் போல ஒரு பிள்ளை. சின்ன மூக்கு. சிவந்தியின் மோவாய். விரல்கள் ஒவ்வொன்றிலும் நகம் இருந்தது. ராமசெல்வி தன் சுண்டுவிரலைக் கொடுத்தாள். பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டது.

"பேரு இன்னாக்கா? எம் புள்ளைக்கு பீம்ராவ். வவுத்துல கீறப்பவே எங்க வூட்டுக்காரு வெச்சிட்டாரு."

ராமசெல்வி யோசிக்கவில்லை. "எங்க வழக்கத்துல மூத்த பொண்ணுக்கு அப்பாவைப் பெத்த அம்மா பேருதான்" என்றாள். பிள்ளையின் காதருகே குனிந்து மூன்று முறை கூப்பிட்டாள்.

"செல்லக்கனி. செல்லக்கனி. செல்லக்கனி."

"ஏட்டி!"

அத்தை வார்டு வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. ஏசுவதற்கு வந்தவள் கெஞ்சினாள்.

"எம் பேரை... அதுக்கு எம் பேரை வைக்காத செல்வி. வேண்டாம்."

"வேற பேரு வைக்க நமக்கு வழக்கம் இல்லையே அத்தை."

செல்லக்கனி வராண்டாவுக்குத் திரும்பிப் போய்விட்டாள். வார்டில் விளக்கு போடும் நேரத்துக்குப் பிள்ளையின் பிடி தளர்ந்தது. ராமசெல்வி விரலை எடுக்கவில்லை. நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்துத் தலையசைத்த பிறகும் அப்படியே வைத்திருந்தாள்.

கடைசியில் சிவந்தி வந்தான். பிள்ளையை வைத்துக் கொண்டுபோக அம்மா ஒரு துணிப்பை கொடுத்தனுப்பியிருந்தாள். அவன் முதன்முறையாக மகளின் முகத்தைப் பார்த்தான். மோவாயைப் பார்த்திருக்க வேண்டும்; அவன் கை தன்னையறியாமல் தன் மோவாய்க்குப் போயிற்று. பையைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு, பிள்ளையை மார்போடு சேர்த்து வாங்கிக்கொண்டு போனான். அவன் எங்கே புதைத்தான் என்பதை அவளுக்குச் சொல்லவில்லை. பொம்பளைகள் அங்கெல்லாம் வரக்கூடாது என்று அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது.

மறுநாள் இசக்கி ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். "கொடி சுத்திருச்சாம்ல மதினி? அம்மா எல்லாருக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லுச்சு."

ராமசெல்வி காப்பியை வாங்கிக் குடித்தாள். அத்தையின் தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் நினைவில் இருந்தது. இந்தப் பெண்ணின் தலையில் இன்னும் வாடாத பூவும் கண்ணெதிரே இருந்தது.

"கொடி சுத்தல இசக்கி" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "சுயம்பு நல்லவன்தான். ஒனக்குப் புடிச்சிருந்தா கட்டிக்கோ. நான் வேண்டாங்கல. ஆனா தெரிஞ்சு கட்டு. உண்டாகதுக்கு முந்தியே மாத்திரை தின்னு. மூணாம் மாசம் யாரு தடுத்தாலும் டாக்டரைப் போயிப் பாரு. எனக்கு இதை யாராச்சும் சொல்லியிருந்தா..." பால் கட்டி மார்பு வலித்தது. அவள் பிள்ளைக்குத் தேவைப்படாத பால்.

இசக்கி ஃபிளாஸ்க்கை மூடி எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் அந்த வாரமே அம்மாவின் எதிரில் நின்று, "நான் சுயம்பு அத்தானைக் கட்டமாட்டேன். எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அடித்தும் பார்த்தார்கள், பட்டினி போட்டும் பார்த்தார்கள். அவள் மாறவில்லை.

அதன்பின் ராமசெல்விக்கு இரண்டு வீடுகளும் இல்லாமல் போயின. "பெத்ததும் வெளங்கல. நல்ல சம்பந்தத்தையும் கெடுத்துட்டா" என்று அத்தை அவளோடு பேச்சை நிறுத்தினாள். ஊரிலிருந்து அம்மா ஃபோனில் அழுதாள். "கூடப்பொறந்தவனுக்கே துரோகம் பண்ணிட்டியேடி." சிவந்தி கிடங்கிலிருந்து மாடிக்குத் திரும்பி வந்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு ஊமைகள் போல இருந்தார்கள்.

ஆவணியில் இசக்கிக்கு வெளியே ஒரு மாப்பிள்ளை அமைந்தான். தூத்துக்குடிக் குடும்பம், அவர்களுக்குப் பாரிமுனையில் வியாபாரம். பெண் பார்க்க வருகிற நாளில், "அவியல்லாம் போற வரைக்கும் நீ ரூமை விட்டு வெளிய வராத. பிள்ளையைப் பறிகுடுத்தவ முகத்துல முழிச்சா நல்லாருக்காது" என்று அத்தை அறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். பல மாதங்களுக்குப் பிறகு நேராக அவளிடம் பேசிய பேச்சு அது.

அன்று காலையில்தான் ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டிருந்தாள். "சுயம்புவுக்கு நம்ம எண்ணூர் மாமா மவளைப் பேசி முடிச்சாச்சு. தங்கபுஷ்பத்தை. அடுத்த முகூர்த்தத்துல பூ வைக்கோம். நீ இதுலயாவது வாயைத் தொறக்காம இரு." எண்ணூரில் கடை வைத்திருக்கும் அந்த மாமா, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். சேதி சிவந்தி, இசக்கி காதுக்கும் போயிருந்தது.

அறைக்குள் உட்கார்ந்திருந்த ராமசெல்விக்குக் கூடத்துப் பேச்சு தெளிவாகக் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்: "உங்களுக்குள்ளயே மொறைப் பையன் இருக்கையில வெளிய பாக்கியளே?"

"இந்தக் காலத்துல சொந்தத்துல குடுக்கலாமா? பெறக்குற பிள்ளைகளுக்கு ஆகாதுன்னு டாக்டருங்க சொல்லுதாவல்லா" என்றாள் செல்லக்கனி. குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. "நாங்க அதெல்லாம் பாக்குற குடும்பம்."

"அதுவும் சரிதான்" என்றார்கள் வந்தவர்கள். "வெவரமா இருக்கிய."

ராமசெல்வி எழுந்தாள். கொடியில் கிடந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள். தலை வாரினாள். கதவைத் திறந்துகொண்டு கூடத்தின் நடுவே நடந்தாள். அத்தையின் கையில் இருந்த பலகாரத் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தலைகுனிந்து உட்கார்ந்திருந்த இசக்கி மட்டும் நிமிர்ந்து, மதினியின் முகத்தைப் பார்த்து, எங்கே போகிறாள் என்று புரிந்ததுபோல மறுபடி குனிந்துகொண்டாள்.

"செல்வி, எங்க?" என்று எழுந்தான் சிவந்தி.

"எண்ணூருக்கு."

"எதுக்கு?"

அவள் அவனைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறான். வா என்று கூப்பிட்டால் வருவானோ என்று ஒரு நொடி தோன்றியது. அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். ராமசெல்வி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

எண்ணூர் பஸ் கூட்டமாக வந்தது. நின்றுகொண்டே போனாள். வழியெல்லாம் கரையில் கொட்டிய பாறைகள்மேல் கடல் அடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் யாரோ ஒருத்தி மடியில் கைக்குழந்தை வைத்திருந்தாள். முன்பென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். இன்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

மாமா கடையில் இல்லை. தங்கபுஷ்பம்தான் சர்க்கரை பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயதிருக்கும். மதினியைக் கண்டதும் முகமெல்லாம் வெட்கம்.

"வாங்க மதினி! என்ன, தனியா வந்திருக்கிய? அம்மா உள்ள குளிச்சுக்கிட்டு இருக்காவ, கூப்பிடட்டுமா?"

"வேண்டாம் புஷ்பம். ஒங்கிட்டதான் பேச வந்தேன்." ராமசெல்வி கடையின் மரப்பலகையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது எல்லாம் மறந்துபோயிருந்தது. "எனக்கு ஒரு பொம்பளப்பிள்ளை பொறந்தா. கொடி சுத்திச் செத்துப்போச்சுன்னு ஒங்களுக்குச் சொல்லியிருப்பாவ..."

பெண்ணின் கை பொட்டலத்தில் நின்றது. வெட்கம் வடிந்து கண்கள் அகலத் திறந்தன. ராமசெல்வி சொல்லச் சொல்ல அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பலகைமேல் முன்னால் சாய்ந்தாள்.

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. "யாருட்டி அது, ரொம்ப நேரமாப் பேச்சுக் கேக்கு?"

தங்கபுஷ்பம் ராமசெல்வியைப் பார்த்தாள். பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"யாரும் இல்லம்மா. சாமான் வாங்க வந்திருக்காவ."

திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நீங்க சொல்லுங்க மதினி."